உள்ளங்கைச் சிவப்புக்கு மருந்து எங்கே? - ஒரு மருத்துவ வரலாறு

உள்ளங்கை சிவந்திருப்பது செல்வத்தின் அடையாளம் என்பது தமிழரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. சாமுத்திரிகா இலட்சணம் பேசுவோர் சிவந்த கையை நற்குறிகளில் ஒன்றாகவே எண்ணுவர். மருதோன்றி பூசிய கை எவ்வளவு சிவக்கின்றதோ அவ்வளவுக்கு மணமகள் கொடுத்துவைத்தவள் என்று மூத்த பெண்கள் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால், ஆங்கில வைத்தியம் பயின்ற மருத்துவர் ஒருவர், நடுத்தர வயதைத் தாண்டிய ஒருவரின் இரண்டு உள்ளங்கைகளும் பூச்சு எதுவுமின்றியே சிவந்திருப்பதைக் கண்டால், அவர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று அந்த மனிதரின் ஈரலைப் பற்றியதாகவே இருக்கும்.

ஈரல் கெட்டதனால் கை சிவந்தால் அதற்கு என்ன மருந்து? கேள்வி எளிமையானது. இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் தேடிய விடை கடந்த எண்பது ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கின்றது. கையில் தோன்றும் குறியை மாற்றுவதா, குறியை உண்டாக்கும் ஹோர்மோனை மாற்றுவதா, அல்லது அதற்கும் அப்பால் சென்று ஈரலைக் கெடுக்கும் காரணியைத் தேடிப் பிடிப்பதா என்ற வாதத்தின் வரலாறு அது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது வெறும் அறிவுப் பசிக்காக அல்ல. கையைப் பார்த்துவிட்டு "உடம்புச் சூடு" என்று சொல்லி வாளாவிருந்து, ஈரல் முற்றாகக் கெட்ட பின்னர் வைத்தியசாலைக்குச் செல்வோர் நமது சமூகத்தில் இன்றும் இருக்கிறார்கள் என்பதற்காகவும்தான்.

குறி எப்படிப்பட்டது?

முதலில் இந்தச் சிவப்பின் இயல்பைச் சற்று விளக்கிவிடுவது நல்லது. பெருவிரலுக்குக் கீழேயுள்ள மேட்டிலும் சுண்டு விரலுக்குக் கீழேயுள்ள மேட்டிலும் சிவப்பு தெளிவாகத் தெரியும். விரல் நுனிகளிலும் தோன்றலாம். உள்ளங்கையின் நடுப்பகுதி பெரும்பாலும் சிவப்பதில்லை. இரண்டு கைகளிலும் ஒரே அளவில் காணப்படும். அழுத்தினால் வெளிறும்; விட்டால் மீண்டும் சிவக்கும். கை சற்று வெதுவெதுப்பாக இருக்கக்கூடும். வலி இல்லை, அரிப்பு இல்லை, தோல் உரிவதும் இல்லை. அரிப்பும் உரிதலும் இருந்தால் அது வேறு தோல் நோயாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். தோலின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிவடைந்து அவற்றினூடாக வழமையை விடக் கூடுதலான இரத்தம் பாய்வதே இச்சிவப்பின் காரணம்.

இந்தக் குறி ஈரல் நோய்க்கு மாத்திரம் உரியது அல்ல என்பதையும் இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். கர்ப்பிணிப் பெண்களில் நூற்றுக்கு முப்பது பேருக்காவது உள்ளங்கை சிவக்கின்றது. பிரசவத்தின் பின்னர் அது தானாகவே மறைந்துவிடுகின்றது. முடக்குவாதம் எனப்படும் மூட்டு நோய் உள்ளவர்களிலும், தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரப்பவர்களிலும், சில மருந்துகளை நீண்டகாலம் உட்கொள்பவர்களிலும் இதனைக் காணலாம். 1929 ஆம் ஆண்டில் ஜோன் எட்வர்ட் லேன் என்ற அமெரிக்கத் தோல்நோய் மருத்துவர், எந்த நோயும் இல்லாமல் பரம்பரையாகவே உள்ளங்கை சிவந்திருக்கும் நிலையை விவரித்து எழுதினார். ஈரல் இறுகித் தழும்பேறும் சிரோசிஸ் நோயை எடுத்துக்கொண்டால், 2007 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி அந்நோயாளரில் ஏறத்தாழ நூற்றுக்கு 23 பேரிடமே இந்தச் சிவப்பு காணப்படுகின்றது. ஆகவே, கை சிவந்தவர் எல்லோரும் ஈரல் நோயாளரும் அல்லர். கை சிவக்காதவர் எல்லோரும் தப்பியவர்களும் அல்லர்.

அரியணை இழந்த ஈரல்

பண்டைய மருத்துவத்தில் ஈரலுக்கு இருந்த இடம் மிகப் பெரியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், உணவிலிருந்து இரத்தத்தை உண்டாக்கி உடம்பெங்கும் அனுப்புவது ஈரலே என்று போதித்தார். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் ஐரோப்பா அதை நம்பியது. 1628 இல் ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி இரத்த ஓட்டத்தின் மையம் இதயமே என்று நிறுவினார். அடுத்த கால் நூற்றாண்டுக்குள் நிணநீர்க் குழாய்களும் கண்டறியப்பட, டென்மார்க்கைச் சேர்ந்த தோமஸ் பார்த்தொலின் 1653 இல் ஈரலுக்குக் கல்லறை வாசகமே எழுதிவிட்டார். ஈரலின் ஆட்சி முடிந்தது என்பதே அதன் பொருள். இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1848 இல் பிரெஞ்சு விஞ்ஞானி குளோட் பேர்னார்ட் ஈரல் சர்க்கரையை உண்டாக்குகின்றது என்று காட்டிய பின்னரே அந்த உறுப்பு இழந்த மதிப்பில் ஒரு பகுதியை மீட்டது.

இதற்கிடையில் ஈரலின் நோயும் மெல்ல மெல்ல அடையாளம் காணப்பட்டது. செங்கண்மாரி கண்டவருக்கு ஈரல் கடினமாவது தீய அறிகுறி என்பது ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே உண்டு. 1793 இல் லண்டன் மருத்துவர் மத்தியூ பெய்லி, இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து எழுதிய நூலில், கரடுமுரடாக இறுகிப்போன ஈரலுக்கும் மதுப்பழக்கத்திற்கும் இடையிலுள்ள தொடர்பைச் சுட்டினார். 1819 இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தவரான ரெனே லெனெக் அந்நோய்க்குச் சிரோசிஸ் என்று பெயரிட்டார். பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து அப்பெயர் பிறந்தது. ஈரலின் நிறமே நோயின் பெயராகிவிட்டது. ஆனால், அந்த நிறத்தைப் பார்ப்பதற்கு அந்நாளில் நோயாளி இறக்கவேண்டியிருந்தது. உயிரோடிருப்பவரின் ஈரலைப் பற்றி அறிய மருத்துவரிடம் இருந்தவை அவருடைய கண்ணும் கையும்தான். எனவேதான் நோயாளியின் கண்வெண்மை, வயிற்று வீக்கம், நகம், உள்ளங்கை ஆகியவற்றை வாசிக்கும் கலை வளர்ந்தது.

நகத்தை அளந்த மனிதர்

உள்ளங்கைச் சிவப்பு முறையாக ஆராயப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அதில் முதன்மையாக நினைக்கப்படவேண்டியவர் வில்லியம் பெனற் பீன் என்ற அமெரிக்க மருத்துவர். 1909 இல் பிலிப்பைன்ஸின் மணிலாவில் பிறந்த இவர் சின்சினாற்றியில் பணியாற்றிய பின்னர், 1948 முதல் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் உள்மருத்துவத் துறையின் தலைவராக இருந்தார். 1941 ஆம் ஆண்டு முதல் 35 ஆண்டுகளாகத் தமது கட்டைவிரல் நகத்தின் வளர்ச்சியை மாதந்தோறும் அளந்து வந்தவர் இவர். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீற்றர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீற்றர் மட்டுமே வளர்ந்தது என்று பதிவு செய்தார். பார்ப்பவர்களுக்கு இது ஒரு விநோதப் பழக்கமாகத் தோன்றலாம். ஆனால், மற்றவர்கள் கவனியாமல் கடந்துபோவதை உற்று நோக்கிய அந்தக் குணமே உள்ளங்கையின் கதையையும் நமக்குத் தந்தது.

1942 இல் பீன் வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்று ஈரல் நோயாளரின் தோலில் தோன்றும் இரண்டு குறிகளை இணைத்துப் பேசியது. ஒன்று உள்ளங்கைச் சிவப்பு. மற்றையது, மார்பிலும் கழுத்திலும் முகத்திலும் சிலந்தியைப் போலக் கால்களை விரித்துத் தோன்றும் சிறிய இரத்தக் குழாய்ப் புள்ளிகள். ஈரல் நோயாளருக்கு ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனைக் கொடுத்தபோது இக்குறிகள் தோன்றியதை அவர் அக்கட்டுரையில் பதிவு செய்தார். அதே ஆண்டில் நியூயோர்க்கில் ஜோர்ஜ் பெரேரா என்ற மருத்துவரும் உள்ளங்கைச் சிவப்பைப் பற்றிக் குறிப்பொன்றை வெளியிட்டார். பெயரைக் கண்டு இலங்கையர் என்று எண்ணிவிடவேண்டாம், அவர் அமெரிக்கர். "ஈரல் உள்ளங்கை என்று சொல்லப்படுவது" என்ற பொருள்படும் தலைப்பை அவர் தமது குறிப்புக்கு இட்டிருந்தார். ஈரலோடு மட்டும் இந்தக் குறியை முடிச்சுப் போடுவதில் அவருக்கு இருந்த தயக்கத்தை அந்தத் தலைப்பே காட்டுகின்றது.

பெண் ஹோர்மோன் எப்படி இங்கே வந்து சேர்ந்தது? உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரஜனைச் செயலிழக்கச் செய்வது ஈரலின் வேலைகளில் ஒன்று என்பதை பேர்ன்ஹார்ட் சொண்டெக் 1934 இல் காட்டியிருந்தார். ஈரல் பழுதடைந்தால் அந்த வேலை தடைப்படும். சிரோசிஸ் கண்ட ஆண்களின் மார்பு பெருப்பதும், உடல் உரோமம் உதிர்வதும், ஆண்மை குன்றுவதும் மருத்துவர்கள் முன்னரே அறிந்தவை. கர்ப்பிணிப் பெண்களின் உடம்பிலும் ஈஸ்ட்ரஜன் உயர்கின்றது. அவர்களுடைய கைகளும் சிவக்கின்றன. 1949 இல் பீனும் அவருடைய சகாக்களும் கர்ப்பிணிகளை ஆராய்ந்தபோது, வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கும் கறுப்பினப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கும் இச்சிவப்பு காணப்பட்டது. இந்த வேறுபாட்டை நமது வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். கருமையான தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதுபற்றிப் பின்னர் பார்ப்போம்.

ஹோர்மோனை மாற்றினால்?

பெண் ஹோர்மோன் கூடியதும் ஆண் ஹோர்மோன் குறைந்ததும்தான் காரணம் என்றால், குறைந்ததை ஈடுசெய்தால் நோயாளி தேறிவிடமாட்டாரா? தர்க்கரீதியாக நியாயமான எண்ணம்தான். டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் ஈரல் நோய் ஆய்வுக் குழுவினர் அதை முறையாகச் சோதித்துப் பார்த்தனர். மதுவினால் சிரோசிஸ் கண்ட 221 ஆண்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். 134 பேருக்கு டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோன் மாத்திரையும், 87 பேருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் வழங்கப்பட்டன. யாருக்கு எது வழங்கப்படுகின்றது என்பது நோயாளருக்கும் தெரியாது, வைத்தியர்களுக்கும் தெரியாது. முடிவு 1986 இல் வெளியானது. ஹோர்மோன் பெற்றவர்களில் நூற்றுக்கு 25 பேரும், பெறாதவர்களில் நூற்றுக்கு 21 பேரும் அக்காலப்பகுதியில் இறந்திருந்தனர். ஹோர்மோன் எவரையும் காப்பாற்றவில்லை.

மருத்துவ வரலாற்றில் தோல்வியடைந்த சோதனைகளை எவரும் விழா எடுத்துக் கொண்டாடுவதில்லை. ஆனால், இந்தத் தோல்வி கற்பித்த பாடம் பெரிது. கைச் சிவப்பும் ஹோர்மோன் மாற்றமும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். சங்கிலியின் தலைப்பு வேறிடத்தில், ஈரலில் இருக்கின்றது. நடுக்கண்ணியைத் திருகி எதையும் சாதிக்க முடியாது. ஈஸ்ட்ரஜன் மட்டுமே இதற்கு முழுமையான விளக்கம் அல்ல என்பதும், இரத்தக் குழாய்களை விரிக்கும் வேறு இரசாயனப் பொருட்களுக்கும் பங்குண்டு என்பதும் பிந்திய ஆய்வுகளில் தெரியவந்தது. உள்ளங்கைச் சிவப்புக்கென்று தனியான மருந்து இன்றுவரை இல்லை. பூசும் களிம்பினால் பயன் இல்லை. சிவப்பு தன்னளவில் எந்தத் தீங்கும் செய்வதுமில்லை.

குடியை நிறுத்தினால்?

அப்படியானால் ஈரலைத் தேற்றும் வழி என்ன? சிரோசிஸ் வந்தால் மரணம் நிச்சயம் என்றே 1930 கள் வரை பெரும்பாலும் கருதப்பட்டது. நியூயோர்க்கைச் சேர்ந்த ஆர்தர் பட்டெக் என்ற மருத்துவர் 1941 இல், 54 நோயாளருக்குச் சத்தான உணவையும் பி வகை விற்றமின்களையும் கொடுத்துக் கவனித்த அனுபவத்தை வெளியிட்டார். அத்தகைய சிகிச்சை பெறாத 386 நோயாளரின் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டபோது, சத்துணவு பெற்றவர்கள் கூடுதலான காலம் உயிர் வாழ்ந்தனர். கைவிடப்பட்ட நோய்க்கு ஒரு கதவு சிறிது திறந்தது.

1968 இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவலும் கிளாட்ஸ்கினும் 278 நோயாளரின் வரலாற்றை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு அதைவிடத் தெளிவானது. மதுவை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 63 பேர் ஐந்து ஆண்டுகளின் பின்னரும் உயிரோடு இருந்தனர். தொடர்ந்து குடித்தவர்களில் நூற்றுக்கு 40.5 பேரே எஞ்சினர். எந்த மருந்தும் இல்லாமல், நிறுத்துதல் என்ற ஒரே செயலினால் கிடைத்த பயன் இது. கள்ளோ, சாராயமோ, கசிப்போ, வெளிநாட்டில் வாங்கிய உயர்ரக விஸ்கியோ, ஈரலுக்கு எல்லாம் ஒன்றுதான். ஊரில் குடித்தால் இழிவு, ரொறன்ரோவிலும் லண்டனிலும் விருந்தில் குடித்தால் அந்தஸ்து என்ற பேதத்தை மனிதர்தான் வகுத்துக்கொள்கிறார்கள்.

வைரஸும் கீழ்க்காய்நெல்லியும்

குடியாதவருக்கும் ஈரல் கெடுவது ஏன் என்ற புதிரை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் பரூக் பிளம்பேர்க். வெவ்வேறு இனத்தவரின் இரத்தத்தை ஒப்பிட்டு ஆராய்ந்துகொண்டிருந்த இவர், அவுஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் இரத்தத்தில் புதியதொரு புரதத்தைக் கண்டு 1965 இல் அறிவித்தார். அது ஹெப்படைட்டிஸ் பி என்ற ஈரல் அழற்சியை உண்டாக்கும் வைரஸின் மேலுறை என்பது சில ஆண்டுகளில் தெளிவானது. 1976 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1981 இல் அமெரிக்காவில் முதலாவது தடுப்பூசி அனுமதி பெற்றது. 1986 இல் மரபணுப் பொறியியல் முறையில் தயாரிக்கப்பட்ட தடுப்பூசி வந்தது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டிலிருந்து குழந்தைகளுக்கான தேசிய தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னர் பிறந்த தலைமுறையினர் பலர் அந்தப் பாதுகாப்பைப் பெறாமலே வளர்ந்தவர்கள் என்பதையும் கவனிக்கவேண்டும்.

இதே பிளம்பேர்க்கின் பெயரோடு தமிழர் வைத்தியத்தின் ஒரு மூலிகையும் சர்வதேச அரங்கில் ஏறியது. செங்கண்மாரிக்குக் கீழ்க்காய்நெல்லியை அரைத்துப் பாலிலோ மோரிலோ கலந்து கொடுப்பது நமது பரியாரிமாரின் வழக்கம். தமிழ்நாட்டில் இதைக் கீழாநெல்லி என்பர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் பிளம்பேர்க் உள்ளிட்டோருடன் இணைந்து நடத்திய ஆய்வு 1988 இல் புகழ்பெற்ற லான்செற் சஞ்சிகையில் வெளியானது. ஹெப்படைட்டிஸ் பி வைரஸைச் சுமந்திருந்த 37 பேருக்கு 30 நாட்கள் இம்மூலிகையைக் கொடுத்தபோது, 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது என்று அக்கட்டுரை கூறியது. தமிழுலகம் பெருமைப்பட்டது. அதில் வியப்பில்லை.

ஆனால், விஞ்ஞானத்தில் ஒருமுறை கிடைத்த வெற்றி போதாது. தாய்லாந்தில் நடத்தப்பட்டு 1990 இல் வெளியான ஆய்வில் அப்பயன் கிடைக்கவில்லை. வேறு ஆய்வுகளிலும் சென்னை முடிவு மீண்டும் கிடைக்கவில்லை. 2011 இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்து மதிப்பிட்ட கொக்ரேன் அமைப்பின் அறிக்கை, போலி மருந்தை விட இது மேலானது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தது. நமது மூதாதையரின் மருந்து என்பதால் அதை ஏற்கவும் கூடாது. அதே காரணத்தினால் தள்ளவும் கூடாது. சோதித்துப் பார்த்தார்கள், அந்த நோய்க்கு அது போதுமான மருந்தாக நிலைக்கவில்லை. ஹெப்படைட்டிஸ் ஏ போன்ற நோய்களில் செங்கண்மாரி பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே மாறிவிடும். அவ்வாறு மாறியதன் புகழ் அந்நேரம் குடித்த மருந்துக்குப் போய்விடுகின்றது. நாட்பட்ட ஈரல் நோய் அப்படித் தானாக மாறுவதில்லை. வேறுபாட்டை அறியாமல் மாதக்கணக்கில் மூலிகையை மட்டும் நம்பியிருப்பது உயிராபத்தில் முடியலாம்.

தழும்பும் மாறும்

சிரோசிஸ் தழும்பு ஒருபோதும் மாறாது என்றுதான் நெடுங்காலம் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. இந்த நம்பிக்கையும் தகர்ந்தது. டெனோபோவிர் என்ற மருந்தை ஐந்து ஆண்டுகள் உட்கொண்ட ஹெப்படைட்டிஸ் பி நோயாளரின் ஈரலில் சிறுதுண்டு எடுத்து ஆராய்ந்த முடிவு 2013 இல் வெளியானது. தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு ஐந்தாண்டு முடிவில் சிரோசிஸ் இல்லை. 1989 இல் கண்டறியப்பட்ட ஹெப்படைட்டிஸ் சி வைரஸுக்கும் 2013 முதல் புதிய மாத்திரைகள் வந்தன. பெரும்பாலானோர் மூன்று மாத சிகிச்சையில் குணமடைகின்றனர். காரணியை நீக்கினால் ஈரல் தன்னைத்தானே ஓரளவு செப்பனிட்டுக்கொள்ளும் ஆற்றல் உடையது என்பது இவற்றால் உறுதியாயிற்று.

செப்பனிடும் எல்லையைத் தாண்டிய ஈரலுக்கு மாற்று ஈரல் ஒன்றே வழி. தோமஸ் ஸ்டார்சல் 1963 மார்ச் 1 ஆம் திகதி அமெரிக்காவின் டென்வரில் மூன்று வயதுக் குழந்தைக்கு முதன்முதலாக ஈரல் மாற்றினார். இரத்தப்பெருக்கினால் குழந்தை சத்திரசிகிச்சை மேசையிலேயே இறந்தது. தொடர்ந்த முயற்சிகளும் தோற்றன. 1967 இல்தான் ஓராண்டுக்கு மேல் உயிர் நிலைத்தது. இங்கிலாந்தில் ரோய் கான் 1968 இல் கேம்பிரிட்ஜில் இதைச் செய்தார். சைக்கிளோஸ்போரின் என்ற மருந்தின் வரவுக்குப் பின்னர் 1980 களில் இது நடைமுறைச் சிகிச்சையாகியது. இந்தியாவில் முதலாவது வெற்றிகரமான ஈரல் மாற்றுச் சிகிச்சை 1998 நவம்பரில் புதுடில்லியில் நடைபெற்றது. சிகிச்சை பெற்றது காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தை. ஈரலின் ஒரு பகுதியைக் கொடுத்தவர் தந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகியிருக்கிறார் என்பது இவ்வரலாற்றின் மனநிறைவு தரும் பக்கங்களில் ஒன்று. புதிய ஈரல் பொருந்திய பின்னர் தோலிலுள்ள சிலந்திப் புள்ளிகளும் உள்ளங்கைச் சிவப்பும் பலருக்கு மங்கிவிடுகின்றன. கையை எவரும் தொடவில்லை. இருந்தும் கை தெளிந்தது.

நமக்கு உள்ள பாடம்

இனி நமது நிலையைப் பார்ப்போம். மதுவோ வைரஸோ இல்லாமல், உடற்பருமனாலும் நீரிழிவாலும் ஈரலில் கொழுப்புப் படிந்து கெடுவதே இன்று தெற்காசியரிடையே பெருகிவரும் ஆபத்து. இலங்கையின் ராகமையில் 35 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ மூவாயிரம் பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2009 இல் வெளியானது. நூற்றுக்கு 32.6 பேரின் ஈரலில், அதாவது மூவரில் ஒருவருக்கு, மதுவோடு தொடர்பில்லாத கொழுப்புப் படிவு காணப்பட்டது. அவர்களில் எல்லோருக்கும் சிரோசிஸ் வந்துவிடாது. ஆனால், ஒரு பகுதியினருக்கு வரும். மூன்று வேளையும் சோறும், மாலையில் இனிப்புத் தேநீரும், நடை மறந்த கால்களும் சேர்ந்து ஓசையின்றிச் செய்யும் வேலை இது. உடல் எடையைக் குறைப்பதே இதற்கு முதல் மருந்து. 2024 இலும் 2025 இலும் அமெரிக்காவில் ரெஸ்மெட்டிரோம், செமகுளூட்டைட் ஆகிய மருந்துகள் இந்நோய் முற்றிய சிலருக்கு அனுமதிக்கப்பட்டுள்ளன. எனினும், எடைக் குறைப்பின் இடத்தை அவை பிடித்துவிடவில்லை.

தோலின் நிறம் பற்றிய விடயத்திற்கு மீண்டும் வருவோம். மருத்துவப் பாடநூல்களிலுள்ள நிறப்படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. நமது மார்பில் தோன்றும் சிலந்திப் புள்ளி எளிதில் தெரியாது. முகத்தின் சிவப்பும் தெரியாது. உள்ளங்கையோ மற்றைய பாகங்களை விட வெளிறியது. ஆகவே, வெளியே தெரியாத நோய் நம்மவரின் உடம்பில் தன்னைக் காட்டிக்கொள்ளக் கிடைக்கும் சில இடங்களில் உள்ளங்கையும் ஒன்று. அங்கும் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும் என்பதால், பார்ப்பவர் நிதானித்துப் பார்க்கவேண்டும்.

நீண்ட நாட்களாக இரு உள்ளங்கைகளும் சிவந்திருக்கின்றன என்று உணர்பவர், அதிலும் மதுப்பழக்கமோ, நீரிழிவோ, உடற்பருமனோ, குடும்பத்தில் ஈரல் நோயோ உள்ளவர், அச்சப்படவும் வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். வைத்தியரிடம் சென்று தாம் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்துகள் உட்பட, ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஈரலின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, ஹெப்படைட்டிஸ் பி, சி பரிசோதனைகள், வயிற்று ஸ்கான் ஆகியவை இன்று பெரும்பாலான நகரங்களில் கிடைப்பவை. எதுவும் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி. ஏதேனும் இருந்தால், ஈரல் இன்னமும் செப்பனிடக்கூடிய நிலையில் இருக்கும்போதே தெரிந்துகொண்ட இலாபம்.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். தலைப்பை மாற்றுவதால் செய்தி மாறுவதில்லை. உள்ளங்கைச் சிவப்பு என்பது உடம்பு போடும் தலைப்பு. செய்தி உள்ளே, வலது விலா எலும்புகளின் கீழே இருக்கின்றது. ஈரலுக்கு வலியை உணரும் நரம்புகள் மிகக் குறைவு. அது எளிதில் முறையிடுவதில்லை. பேசமுடியாத அந்த உறுப்பு சில வேளைகளில் கையின் வழியாகப் பேசுகின்றது. அதைச் செல்வத்தின் அடையாளம் என்று மகிழ்ந்து விட்டுவிடுவதா, செவிமடுப்பதா என்பது நம்மைப் பொறுத்தது.